லார்ச் மரத்துக்கு இடப்பக்கம்

காற்று விடியும்போதே ஆரம்பித்துவிட்டது. தெற்கிலிருந்து வருகிறது என்பதற்காக அதைத் தென்றல் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். முகடு தாண்டி இறங்கும்போது அடுப்பு வாயைத் திறந்த மாதிரி சுடும். மாடு தீனி தொடாது. நல்ல மனுஷன் காரணமே இல்லாமல் பெண்டாட்டியிடம் எரிந்து விழுவான். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற வடமலையை யாரோ தூக்கிவந்து வாசலில் வைத்த மாதிரி அவ்வளவு கிட்டே தெரியும். அந்த நாளில் சரிவில் ஒருத்தரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். எல்லாம் மரவீடு. ஒரு பொறி போதும்.

அப்படிப்பட்ட நாளில்தான் ரோமெட்டைக் கீழே பள்ளத்தாக்கில் இருக்கிற இன்ஸ்புருக் நகரம் சுற்றிப்பார்க்கப் போகச் சொல்லித் துரத்தினாள் அவர் மனைவி அப்பொலோனியா.

"காத்து அடிக்குது லோனி. இன்னிக்கு எப்படி உன்னை விட்டுட்டுப் போறது?"

"காத்து என்ன என்னைத் தூக்கிட்டா போகப்போகுது? ராத்திரி தூங்கும்போது மூக்குல விரல் வச்சுப் பாக்குறியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பால் கறக்கப் போனா பின்னால வர்றே. கக்கூசுக்குப் போனா வெளிய நின்னு இருமுறே. ஒரே ஒரு நாள் என்னை நிம்மதியா விடு, மனுஷா!"

பிப்ரவரியில் லோனிக்கு நெஞ்சு அடைத்தது. பனியில் சறுக்குவண்டி வைத்து இழுத்துக்கொண்டு போய் ரயிலேற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிழைத்துவிட்டாள். ஆனால் டாக்டர், "இன்னொண்ணு வந்தா கஷ்டம்" என்று சொல்லித்தான் அனுப்பினார். அந்த 'இன்னொண்ணு' வருகிறதா என்று பார்ப்பதைத் தவிர அன்றிலிருந்து ரோமெட் வேறு எந்த வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

கனடாவில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி பிலோமெனா ரொம்ப வருஷம் கழித்து வந்திருந்தாள். மறுநாள் அவளுக்கு விமானம். பிறந்த ஊரை ஒரு தடவை ஊர் பார்க்க வந்தவள் மாதிரி பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"அண்ணே, வெண்ணெய் விக்க மட்டுந்தானே நம்மளக் கூட்டிட்டுப் போனாரு அப்பா? தங்கக் கூரையைப் பாத்திருக்கோமா? கேபிள் கார்ல ஏறியிருக்கோமா? அங்க எல்லாரும் கேக்குறாங்க, நான் திருதிருன்னு முழிக்கிறேன்."

"முழிச்சா முழிச்சுட்டுப் போ. அதைப் பாத்து என்ன செய்யப்போறே?"

"அவளைக் கூட்டிட்டுப் போ," என்றாள் லோனி. "எனக்கு ஒண்ணுன்னா வெள்ளைத்துணி போடுறேன். எதிர்ப்பக்கம்தானே இருப்பே, வாசல் பால்கனியிலயே போடுறேன். போ, போ."

வெள்ளைத்துணி என்றால் அந்தச் சரிவில் குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்குப் பின்னால் மேலே மேலே ஏறிப்போனால் புல்வெளி. அறுப்புக்குப் போனவனைக் கூப்பிட வேண்டுமென்றால் கத்தினால் கேட்காது. படுக்கை விரிப்பைப் பின்பக்கப் பால்கனியில் கட்டுவார்கள். பார்த்தவன் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். யார் வீட்டுத் துணியாக இருந்தாலும் சரி. அதனாலேயே வெள்ளையில் எதையும் அங்கே யாரும் பால்கனியில் காயப்போடுவதில்லை.

துணி போடுகிறேன் என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் ரோமெட் தொப்பியை எடுத்தார்.

*

அவருக்கு நகரத்தில் மூன்று இடம்தான் தெரியும். மாட்டுச்சந்தை, ஆஸ்பத்திரி, கோர்ட்டு. முதலிரண்டும் எல்லோருக்கும் வாய்ப்பது. கோர்ட்டு விகிலால் வந்தது.

சரிவின் உச்சியில் இரண்டே வீடு. ஒன்று ரோமெட்டுடையது, மற்றது விகிலுடையது. ஒரே ஆசாரி கட்டியது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். நடுவில் ஒரு பெரிய லார்ச் மரம். அதை வெட்டி விற்க வேண்டும் என்றான் விகில், என் தாத்தா வைத்தது என்றான். இல்லை, என் தாத்தா வைத்தது என்றார் ரோமெட். கோர்ட்டு என்ன சொல்லிற்று? எல்லைக்கோடு நடுமரத்தில் போகிறது, மரம் இரண்டு பேருக்கும் பொது, ஒருத்தர் சம்மதிக்காமல் மற்றவர் கோடாலி வைக்கக்கூடாது. கிளை முறிந்து தன் கூரையில் விழுகிறது என்று அதற்கப்புறம் விகில் எத்தனையோ தடவை ஆள் விட்டுக் கேட்டான். அவன் கேட்கிறான் என்பதற்காகவே ரோமெட் கையெழுத்துப் போடவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று. விகிலின் மனைவி செத்தபோது லோனி மட்டும் போய்வந்தாள்.

சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்தால் ரோமெட்டுக்கு வலது கைப் பக்கம் லார்ச். அதைத் தாண்டி அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் தெரியாது, இடையில் விகிலின் கொட்டகை மறைக்கும்.

*

பிலோமெனா கையில் விரித்த வரைபடத்தோடு முன்னால் நடந்தாள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. தெருவில் ஒருத்தருக்கும் முகம் சரியில்லை. பிரெட் கடைக்காரி சில்லறையை விட்டெறிந்தாள். இரண்டு டாக்ஸிக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்; இரண்டு பேரும் வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டே கத்தினார்கள். ரோமெட்டுக்கு அந்த நெருப்பைப் பார்க்கப் பார்க்க உள்ளங்கால் கூசியது.

"இதாண்ணே தங்கக் கூரை!"

ரோமெட் அண்ணாந்து பார்த்தார். "செம்பு."

"தங்கம்ணே!"

"செம்புத் தகடு. மேல பூச்சு. கழுதையைக் குளிப்பாட்டினா குதிரையாயிடுமா? வா, போலாம்."

அடுத்தது அரசர் கோயில். நடுவில் பெரிய பளிங்குக் கல்லறை. இரண்டு பக்கமும் ஆளை விட உயரமாகக் கறுப்பு வெண்கல ஆட்கள், கவசமும் வாளுமாக வரிசையாக நின்றார்கள். உள்ளே யார் என்று ரோமெட் கேட்டார். யாருமில்லை, ராஜாவை வேறு ஊரில் புதைத்துவிட்டார்கள் என்றார் காவல்காரர்.

"அப்ப இவ்வளவு பேரும் எதுக்கு நிக்கிறாங்க?"

"அது... கௌரவத்துக்கு."

"காலிப் பெட்டிக்குக் காவலு! நல்ல சம்பளம்தான் போல," என்றார் ரோமெட். பிலோமெனா அவர் கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு வந்தாள்.

பழைய மணிக்கூண்டின் அடியில் வந்ததும்தான் ரோமெட் முகத்தில் ஒரு களை வந்தது. "இது மேல ஏறலாமா?"

"ஏறலாமே. ஆனா படி ரொம்ப..."

அவள் முடிப்பதற்குள் அவர் பாதிப் படி ஏறிவிட்டார். மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்த பிலோமெனா பார்த்தபோது, நகரத்து ஜனம் முழுக்க வடக்கே மலையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்க, இவர் ஒருத்தர் மட்டும் தெற்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கிக்கொண்டிருந்தார். சரிவு தெரிந்தது. காடு தெரிந்தது. வீடு தெரியவில்லை; காட்டுத் திட்டு மறைத்தது.

"அண்ணிக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே."

"உனக்குத் தெரியுமா? நீ டாக்டரா? இதைவிட ஒசரமா எது இருக்கு இந்த ஊர்ல?"

பிலோமெனா சிரித்துவிட்டாள். வடமலையைக் காட்டினாள். "அதுதான். நான் கெஞ்சினப்போ வரமாட்டேன்னியே?"

"பேசாம நட."

ஆற்றங்கரையிலிருந்து மேடேறும் விஞ்ச். அது விடும் மேட்டிலிருந்து கேபிள் கார். டிக்கெட் கிழித்தவன், "ஐயா, காத்து ஏறிக்கிட்டிருக்கு, மேல போயிட்டா எப்ப எறங்குவீங்கன்னு சொல்ல முடியாது" என்று மரியாதையாகச் சொன்னான். ரோமெட் காதில் வாங்கவில்லை. பெட்டி ஆடிக்கொண்டே ஏறியது. ஒரு தூணைத் தாண்டும்போது தொட்டில் மாதிரி வீசிற்று. ஒரு வக்கீல் வீட்டம்மா ஜெபமாலையை எடுத்தாள். பெட்டியை ஓட்டுகிறவன் ரோமெட்டைப் பார்த்து, "பயமா இருக்கா பெரிசு? உக்காந்துக்கோ" என்றான். மலையில் கொஞ்சம் உயரம் போய்விட்டால் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான், வக்கீலுக்கும் மாட்டுக்காரனுக்கும். அந்த ஒரு வழக்கம் ரோமெட்டுக்குப் பிடிக்கும். "எனக்கென்ன பயம்? நீ கம்பியைப் பாரு" என்றார்.

*

மேல் நிறுத்தத்தில் இறங்கினதும் ரோமெட் திண்டுக்கு ஓடினார். எதிரே பள்ளத்தாக்கு முழுக்கக் கழுவிவிட்ட மாதிரி துல்லியமாகக் கிடந்தது. தெற்குச் சரிவில் ஒவ்வொரு கூரையும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் எது தன் கூரை?

பிறந்ததிலிருந்து இந்த மலையைப் பார்த்துக்கொண்டே கஞ்சி குடித்தவர். இந்த மலையிலிருந்து தன் வீட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் வீட்டைப் பார்ப்பதெல்லாம் பின்பக்கமிருந்துதான். ரயிலடிப் பாதையும் பின்னால் காட்டு வழியாகத்தான் வருகிறது, புல்வெளியும் பின்னால்தான். முன்பக்கம் செங்குத்தான ஓடை. ஆடு கூட இறங்காது.

காசு போட்டுப் பார்க்கிற டெலஸ்கோப் ஒன்று நின்றது. ஒரு ஷில்லிங்கைப் போட்டார். திறந்ததும் கண்ணுக்குள் காடு ஓடிற்று. ஒரு மாதாகோயில் கோபுரம் ஓடிற்று. யாருடையதோ மாடு. திருப்பினார். ரயில் பாலம். அதற்கு மேலே, இன்னும் மேலே... லார்ச்! இலையெல்லாம் மஞ்சளாகப் பழுத்து, பந்தம் மாதிரி தனியாக நின்றது. அடுப்படிப் பூனையைச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

லார்ச்சுக்கு இடப்பக்கம் தன் வீடு. இடப்பக்கம் திருப்பினார்.

பால்கனியில் வெள்ளையாக ஏதோ துடித்தது.

டக் என்று கண் மூடிக்கொண்டது. காசு தீர்ந்துபோயிற்று.

"மேனா! காசு! ஒரு காசு குடு!"

"என்னண்ணே?"

"குடுடீ!"

மறுபடி திறந்தது. மறுபடி காடு, பாலம், லார்ச். இடப்பக்கம். சந்தேகமே இல்லை. படுக்கை விரிப்பு. ஒரு முனை கட்டு அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ஒழுங்காக முடிச்சுப் போடத் தெம்பில்லாத கை கட்டியது.

பிலோமெனாவும் குனிந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. "அண்ணி..."

ரோமெட் அதற்குள் கேபிள் கார் வாசலில் நின்றார். சங்கிலி போட்டிருந்தது.

"காத்து பெரிசு. நிறுத்தியாச்சு," என்றான் ஓட்டுகிறவன். "காத்து அடங்கினாத்தான். போய்க் கொழுக்கட்டை சாப்பிட்டுட்டு உக்காரு, பன்றிக்கறி வச்சது, நல்லா இருக்கும்."

"என் பெண்டாட்டி சாகக் கெடக்கா."

"கம்பி அறுந்தா நீயும்தான். நான் என்ன பண்ண?"

ரோமெட் கம்பிவேலியைத் தாண்டி நடைபாதையில் இறங்கினார். "நீ இங்கேயே இரு!" என்று தங்கச்சிக்கு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இறக்கம் என்பது ஏற்றத்தை விடக் கெட்டது. எழுபதைத் தாண்டின முட்டி ஒவ்வொரு எட்டுக்கும் ஏசியது. சரளைக்கல் உருண்டது. காற்று முதுகில் அடித்தது, முகத்தில் அடித்தது, எந்தப் பக்கமென்று தெரியாமல் அடித்தது. தொப்பி போயிற்று. இரண்டு இடத்தில் உட்கார்ந்தபடியே சறுக்கினார். தன்னையே திட்டினார். செம்புக் கூரையையும் காலிப் பெட்டியையும் பார்க்கவா அவளைத் தனியாக விட்டோம்? துரத்தினாளே, ஏன் துரத்தினாள்? உடம்புக்கு ஏதோ செய்திருக்கிறது, தெரியாமல் மறைத்திருக்கிறாள். அவள் எப்போதுமே அப்படித்தான். பிப்ரவரியிலும் 'வாயு' என்றுதான் சொன்னாள்.

விஞ்ச் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் டிராம், அப்புறம் சரிவேறும் குட்டி ரயில். ரயிலில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார். தொப்பியில்லாமல், பேன்ட் பின்பக்கம் கிழிந்து நிற்கிறவரைப் பார்த்து ஒருத்தி, "குடிச்சிருக்காரு பாரு" என்றாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

*

காட்டுப் பாதையில் ஓடிவந்து பின்கதவைத் தள்ளினார்.

லோனி மேசையருகில் உட்கார்ந்து, உப்புப்போட்ட பன்றிக்கறியைக் கத்தியால் மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தாள். தலைவலிக்குத் துணி கட்டியிருந்தாள். ஜன்னல் பலகையெல்லாம் சாத்தியிருந்தது.

"ஐயோ, அதுக்குள்ள வந்துட்டியா?" என்றாள். "அது என்ன கோலம்? மேனா எங்க?"

ரோமெட் கதவைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வந்தபோது அது கோபமாக வந்தது. "எழுந்து உக்காந்து கறி சீவுறே! துணி போட்டே?"

"எந்தத் துணி?"

"மறைக்காதே லோனி! நான் பாத்தேன். இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். நெஞ்சு வலிச்சுச்சா? இப்ப எப்படி இருக்கு? ஏன் அவுத்தே?"

"உனக்குப் புத்தி பெரண்டுபோச்சா? நான் எழுந்ததே இப்பதான்."

அவர் நம்பவில்லை. பால்கனிக் கதவைத் திறந்தார். காற்று உள்ளே பாய்ந்து மேசைவிரிப்பைத் தூக்கிற்று. கம்பியில் ஒன்றுமில்லை. படுக்கையைப் போய்ப் பார்த்தார். விரிப்பு இருந்தது, இன்னும் சூடாக, அவள் படுத்த மடிப்போடு.

"டெலஸ்கோப்ல பாத்தேன். லார்ச்சுக்கு இடப்பக்கம். நம்ம வீடு."

லோனி கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கேருந்து?"

"வடமலையிலேர்ந்துதான்!"

"இங்க வா. எனக்கு எதிர்ல நில்லு. உன் இடது கையைத் தூக்கு."

தூக்கினார். அவளும் அவள் இடது கையைத் தூக்கினாள். இரண்டு கையும் வெவ்வேறு பக்கம் நின்றன.

ரோமெட் தன் கையையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "அப்ப உனக்கு ஒண்ணுமில்ல."

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் லோனி. அவள் சிரிக்கவில்லை. "விகில் வீட்டுல துணி தொங்குது."

"மத்தியானமா பாத்தே?"

"ம்."

"காலையில லார்ச் பக்கம் படார்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. கெளை முறியுதுன்னு நெனச்சேன். முன்பக்கம் யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது, கொட்டகை மறைக்கும். கீழ ஊருக்கும் தெரியாது. அந்த மலையிலேர்ந்து பாத்தாத்தான் உண்டு."

ரோமெட் தரையைப் பார்த்தார். "வேற யாராச்சும்..."

"யாரு? நீ ஒருத்தன்தான் பாத்திருக்கே." லோனி எழுந்து செருப்பைத் தேடினாள். "நீ போகலைன்னா நான் போறேன்."

"நீ உக்காரு!"

"அப்ப நீ எழுந்திரு."

*

லார்ச்சின் ஆள்பருமன் கிளை ஒன்று விகிலின் கூரையைப் பெயர்த்துவிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மரஓடுகள் வாசலெங்கும் சிதறிக்கிடந்தன. ஏணி பால்கனி மேல் சாய்ந்து விழுந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில், வெள்ளைத்துணிக்குக் கீழே, விகில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கால் இருக்கக்கூடாத திசையில் இருந்தது. உதடு வெடித்திருந்தது.

கண்ணைத் திறந்தான். "யாரு?"

"நான்தான்."

"நீயா?" விகில் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். "ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"துணி போட்டது நீதானே? வேண்டாம்னா சொல்லு, போயிடறேன்."

விகில் கொஞ்சம் யோசித்தான். "தண்ணி இருக்கா?"

ரோமெட் குவளையை நீட்டினார். அவன் குடித்த வேகத்தைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எதிரே வடமலை நின்றது. கேபிள் கார் நிறுத்தம் ஒரு பொட்டு மாதிரி தெரிந்தது.

"எங்கேருந்துடா பாத்தே?"

"அங்கேருந்து."

"அங்க உனக்கு என்ன வேலை?"

"ஊரு சுத்திப் பாக்கப் போனேன்."

விகில் அவர் கிழிந்த பேன்ட்டைப் பார்த்தான், தொப்பியில்லாத தலையைப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான், கால் இழுத்துக்கொள்ளவே "அம்மா" என்று முனகினான். "உன் மரம்தாண்டா. உன் மரம்தான் என்னைத் தள்ளுச்சு."

"என் மரமா? பைபிள்ல கை வச்சு உன் மரம்னு சத்தியம் பண்ணியே, அது யாரு?"

"அது அப்ப."

"கத்தாதே. காலைப் பிடிக்கப்போறேன். பல்லைக் கடிச்சுக்கோ."

உட்காரச் சொன்ன பேச்சைக் கேட்காமல் லோனி சறுக்குவண்டியைப் புல்லில் இழுத்துக்கொண்டு வந்து நின்றாள், பிப்ரவரியில் அவளையே படுக்கவைத்து இழுத்த அதே வண்டி. "நீ ஏன் இழுத்தே, நீ ஏன் இழுத்தே" என்று ரோமெட் குதித்தார். "வாயை மூடிட்டு ஆளைத் தூக்கு" என்றாள். காலுக்கு மரஓடு வைத்து, அந்த வெள்ளைத்துணியையே கிழித்துக் கட்டினாள்.

சாயங்கால ரயிலில் ரோமெட் மறுபடி நகரத்தில் இறங்கினார், விகிலைப் பெட்டியிலிருந்து கார்டும் அவருமாகத் தூக்கிக்கொண்டு. எதிர்ப்பக்க மேடையில் பிலோமெனா ஊருக்கு ஏற நின்றிருந்தாள். கேபிள் கார் அப்போதுதான் விட்டிருந்தார்கள். தலைமுடி கூடு மாதிரி இருந்தது. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அண்ணே! அண்ணி?"

"கறி சீவிக்கிட்டிருக்கா. சீக்கிரம் போய் அவகூட இரு. எழுந்து நடக்க விடாதே."

"அப்ப இது..."

"இவனுக்கு ஆஸ்பத்திரி பாக்கணுமாம்."

டாக்ஸியில் விகிலின் கால் ரோமெட்டின் மடியில் கிடந்தது. வண்டி ஒவ்வொரு குழியில் விழும்போதும் இரண்டு பேரும் டாக்ஸிக்காரனைத் திட்டினார்கள். ரோமெட் இரண்டு தடவை பின்கண்ணாடி வழியாகத் தெற்குச் சரிவைப் பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்தது. அவள் இந்நேரம் சறுக்குவண்டியைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போவாள். நிச்சயமாக இழுப்பாள்.

"என்னடா திரும்பித் திரும்பிப் பாக்குறே?" என்றான் விகில்.

"ஒண்ணுமில்ல."

"என்னை வாசல்ல தள்ளிட்டு நீ கடைசி ரயிலைப் பிடி. போய் மூச்சு விடுறாளான்னு பாரு. ஊருக்கே தெரியும் நீ செய்யுறது." விகில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோர்ட்டுக் கட்டடம் கடந்து போயிற்று. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"கையெழுத்துப் போடறேன்," என்றார் ரோமெட். "காத்து அடங்கினதும் ரம்பம் எடுத்துட்டு வந்து நானே அறுக்கறேன்."

விகில் வெடுக்கென்று திரும்பினான். "யாரைக் கேட்டு? அது என் மரமும்தான்டா!"